ஏழாவது வைக்கோல் தொப்பி

அத்தியாயம் 17

கல்யாணப் பெண்ணின் வலது கையில், தோளுக்குக் கீழே, நாலு விரல் தடம் பதிந்திருந்தது. பின்பக்கம் கட்டை விரல். நீலம் இன்னும் மஞ்சளாகத் திரும்பவில்லை. இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருக்காது.

நூலா கான்சிடைன் கேமராவை இறக்கினாள். இருபத்திரண்டு வருஷமாக லிமெரிக் நகரத்தில் கல்யாணப் படம் எடுக்கிறாள். மயக்கம் போட்டு விழுந்த மாப்பிள்ளை, சர்ச் வாசலில் குடையால் அடித்துக்கொண்ட சம்பந்திகள், எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் இன்றைக்குக் கண்ணாடி முன்னால் நிற்பவள் சொந்தத் தங்கை கீலின். அம்மா போனபின் பன்னிரண்டு வயசிலிருந்து இவள் தலை பின்னிவிட்டு வளர்த்த பிள்ளை.

மேக்கப் போடும் பெண் டீ எடுத்துவரப் போயிருந்தாள். ஹோட்டல் அறையில் அக்காவும் தங்கையும் மட்டும்.

"என்னடி இது?"

"பஸ்ல கம்பி இடிச்சுது."

"எந்தக் கம்பிக்குடி அஞ்சு விரல் இருக்கு?"

கீலின் உடுப்பின் லேஸ் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். "இன்னைக்கு வேண்டாம்க்கா. கோபம் வந்தா அவன் அப்படித்தான். அப்புறம் அவனே உக்காந்து அழுவான்."

"எத்தனை தடவை அழுதிருக்கான்?"

கீலின் கண்ணாடிப் பக்கம் திரும்பிக் காதுத் தோட்டைத் திருகினாள்.

"கிளம்பு. கார் கீழதான் நிக்குது. என் வீட்டுக்குப் போகலாம்."

"உன் வீட்டுக்கு அவனுக்கு வழி தெரியாதா? போன மாசம் அவன் வீட்டை விட்டுப் போகலாம்னு பெட்டியை எடுத்தேன். பெட்டியை மாடியிலேர்ந்து வீசினான். நான் அதுக்குப் பின்னால உருண்டேன்." கீலின் சிரிக்கப் பார்த்தாள். "இருநூறு பேர் வந்தாச்சு. ஃபாதர் காத்துக்கிட்டிருக்கார். நீ படத்தை எடு."

நூலாவுக்கு ரத்தம் கொதித்தது. கொதிக்காமல் என்ன செய்யும்? அந்தக் கோனல் ஹார்டிகன் இந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே செய்தது போதாதா!

தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன், மட்டையால் பந்தடிக்கிற ஹர்லிங் ஆட்டத்தின் அரையிறுதி முடிந்து விசில் ஊதியாயிற்று. நூலாவின் தம்பி ஃபின்டன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நடந்து வந்தான். எதிரணிக் கோனல் மட்டையை வீசினான். ஃபின்டனுக்கு வலது கண் போயிற்று. போலீஸ் கேட்டபோது, "தெரியாம பட்டுடுச்சு" என்றான் ஃபின்டன். மைதானத்தில் நடந்தது மைதானத்தோடு என்று இந்த ஊர்ப் பிள்ளைகள் மட்டை பிடிக்கும்போதே கற்றுக்கொள்வார்கள். கோனல் தினமும் திராட்சைப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்திருந்த கீலினிடம் மன்னிப்புக் கேட்டான். கேட்டுக்கேட்டே கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டான். "மிச்சமிருக்கிற ஒரு கண்ணால அதைப் பார்க்கணுமா? வரமாட்டேன்" என்று ஃபின்டன் கதவைச் சாத்தியதைத்தான் போன வாரம் பார்த்தோம்.

நூலா தாழ்வாரத்துக்கு வந்து, தலைகால் புரியாத ஆத்திரத்தில், அந்தத் தம்பிக்கே போன் போட்டாள். விரல் தடம், மாடிப்படி, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.



"எந்தக் கை?" என்றான் ஃபின்டன்.

"வலது. ஏன்டா?"

"சும்மாதான்."

போனை வைத்துவிட்டான். அவன் கத்தியிருந்தால் நூலாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். 

சர்ச்சில் எல்லாம் முறைப்படி நடந்தது. வாசலில் கோனலின் ஆட்டக்காரத் தோழர்கள் இரண்டு வரிசையாக நின்று, ரிப்பன் கட்டிய ஹர்லி மட்டைகளைத் தலைக்கு மேல் கோத்துப் பந்தல் போட்டார்கள். அதன் கீழே தம்பதி நடந்து வர வேண்டும், நூலா பின்னால் நகர்ந்துகொண்டே எடுக்க வேண்டும். அந்த மட்டைகளில் எது தம்பியின் கண்ணைத் தின்றது என்று அவள் மனசு தேடியது.

"நூலா, நல்லா எடு" என்று கோனல் சத்தமாகச் சொன்னான். "உங்க வீட்டு வழக்கமா ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துடாதே."

தோழர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் அண்ணன் செனன் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான். நூலா பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். படம் நன்றாகவே வந்தது, அதுதான் கொடுமை.

பிறகு ஹோட்டலுக்குப் பின்னால், ஷானன் ஆற்றங்கரைப் படிகளில், ஜோடிப் படம். நீள லென்ஸைப் போட்டு முப்பது அடி தள்ளி நின்றால்தான் பின்னால் பாலமும் அன்னங்களும் அழகாக வரும். கீலினின் செருப்புக் குதி படியோரப் புல்லில் புதைந்தது. அவள் தடுமாறியதில் கோனலின் கோட்டு மேல் பூச்செண்டு ஈரம் பட்டது.

கோனல் குனிந்தான். உதடு சிரித்தபடி இருந்தது. இடது கை மனைவியின் பிடரிக்குப் போயிற்று. சாதாரணக் கண்ணுக்கு முத்தம் கொடுக்கிறான் என்றுதான் தோன்றும். லென்ஸில் நூலாவுக்கு அவன் விரல் முட்டிகள் வெளுத்திருப்பதும், கீலினின் கண் பிதுங்கி நீர் தளும்புவதும், பூச்செண்டின் காம்பு அவள் கைக்குள் நொறுங்குவதும் தெரிந்தன. பழக்கதோஷத்தில் விரல் நாலு படம் எடுத்துவிட்டது.

அப்புறம் ஓடினாள்.

"கழுத்தை விடு."

"என்ன நூலா, புருஷன் பெண்டாட்டியைத் தொடக்கூடாதா?"

"விடுன்னு சொன்னேன்."

"விடாட்டி?" கோனல் மெதுவாகத்தான் பேசினான். "எனக்குச் சமயத்துல கை வழுக்கும். உன் தம்பியைக் கேளு, சொல்லுவான்."

கையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் விருந்தாளிகளைப் பார்த்துக் கையசைத்தான். கீலின் இருமினாள். முகத்திரையைச் சரிசெய்கிற சாக்கில் நூலா அவள் காதருகே சொன்னாள்: "முதல் டான்ஸ் முடிஞ்சதும் சமையலறை வழியா வந்துடு. பின்வாசல்ல காரோட நிப்பேன். அப்படியே துறைமுகம் போய்க் கப்பலேறிக் கடல் தாண்டிடலாம். இன்னைக்கு ராத்திரி நீ அவன் வீட்டுல தூங்கக்கூடாது, கேட்டியா?"

கீலின் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் விருந்து மேஜையில் சூப்பையும் மாட்டிறைச்சியையும் இரண்டு விதமான உருளைக்கிழங்கையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். நீண்ட தூரம் போகப்போகிறவள் சாப்பிடுவதுபோல் நூலாவுக்குப் பட்டது. அந்த நம்பிக்கையில்தான் மீதி இரண்டு மணி நேரமும் அவள் வேலை பார்த்தாள்.

ராத்திரி எட்டரை மணிக்கும் அந்த ஊர் ஜூன் மாத வெயில் ஆற்றின் மேல் இன்னும் பளீரென்று கிடந்தது. முதல் டான்ஸுக்கு வாத்தியக்காரர்கள் தயாரானபோது வாசலில் கூச்சல். வைக்கோல்காரர்கள் வந்துவிட்டார்கள்.

அவர்கள் வராத கல்யாணம் இந்தப் பக்கத்தில் குறைவு. வைக்கோல் பின்னிய கூம்புத் தொப்பி தோள் வரை இறங்கி முகத்தை மூடியிருக்கும். மேலே வெள்ளைச் சட்டை. மணப்பெண்ணோடு ஆடுவார்கள், வாழ்த்துவார்கள், போய்விடுவார்கள். யார் என்று கேட்கக்கூடாது. தொப்பியைத் தூக்கக்கூடாது. தூக்கினால் தம்பதிக்கு ஆகாது. அதனால் ஹோட்டல் காவலாளிகூட எண்ணிப் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டான்.

செனன் ஏற்பாடு செய்திருந்தது ஆறு பேர். நூலாவின் லென்ஸுக்குள் ஏழு பேர் இருந்தார்கள்.

ஏழாவது ஆள் கடைசியில் வந்தான். மற்றவர்கள் வலது பக்கம் பார்க்கும்போது தொப்பி லேசாகத் திரும்பியது. இவன் மட்டும் கழுத்தையும் தோளையும் சேர்த்து முழுசாகத் திருப்பினான். வலது கண் இல்லாதவன் அப்படித்தான் திரும்பியாக வேண்டும். 

அவன் நேராகக் கீலினிடம் போய்க் கையை நீட்டினான். கீலின் சிரித்துக்கொண்டே எழுந்தாள். இரண்டாவது சுற்றில் சிரிப்பு போய்விட்டது. மூன்றாவது சுற்றில் வைக்கோலுக்கு நடுவே நெற்றியைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கூட்டம் அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துக் கைதட்டியது.

பாட்டு வேகம் பிடித்தது. மற்ற ஆறு பேரும் கோனலை நடுவில் இழுத்துவிட்டுச் சுற்றினார்கள். ஏழாவது ஆள் கீலினை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வாசலோரம் தோழர்கள் சாத்தி வைத்திருந்த ஹர்லி மட்டைகளில் ஒன்றை எடுத்தான். ரிப்பனை உருவிக் கீழே போட்டான்.

நூலா கத்தியிருக்கலாம். பெயரைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். காலையில் வாயை மூட வேண்டிய நேரத்தில் கொட்டித் தீர்த்தவளுக்கு, இப்போது திறக்க வேண்டிய நேரத்தில் வாய் ஒட்டிக்கொண்டது. விரல் மட்டும் அழுத்தியபடியே இருந்தது.

முதல் அடி கோனலின் வலது கைக்கு. எலும்பு முறிகிற சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. கோனல் என்ன என்று புரியாமல் தன் கையைப் பார்த்தான், அது வேறு பக்கமாக மடங்கியிருந்தது. இரண்டாவது அடி தாடையில். அவன் கேக் மேஜை மேல் மல்லாந்து விழுந்தான். மூன்றடுக்கு கேக்கும் கண்ணாடிக் கோப்பைகளும் அவனோடு சரிந்தன. வெள்ளை மேஜைத்துணியில் ரத்தம் பரவியது.

மட்டையைப் போட்டுவிட்டு ஏழாவது ஆள் சமையலறைக் கதவு வழியாக மறைந்தான். அந்த மட்டை சறுக்கிப் போய் நின்றது, பக்கத்தில் உறைந்து நின்ற இன்னொரு வைக்கோல்காரனின் காலடியில்.

"பிடிங்கடா அவனை!" என்றான் செனன்.

அதற்குமேல் யாருக்கும் நிதானம் இல்லை. காலையில் பந்தல் போட்ட பதினைந்து பேரும் அந்த அப்பாவி மேல் பாய்ந்தார்கள். தொப்பி பிய்ந்தது. உள்ளே கோல்மன் வாத்தியார். செனனின் இரண்டு பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மனுஷன்.

"நான் இல்லை! ஐயோ, நான் இல்லை!"

முகத்தைப் பார்த்த பிறகாவது நிறுத்தினார்களா? செனன் பூட்ஸ் காலால் வாயிலேயே உதைத்தான். ஒரு பல் தரையில் சறுக்கிக்கொண்டு மேஜைக்கு அடியில் போயிற்று. யாரோ நாற்காலியைத் தூக்கி முதுகில் உடைத்தார்கள். நூலா கூட்டத்துக்குள் முட்டிப் போனாள். ஒருவன் முழங்கையால் அவள் மூக்கில் இடித்தான். ரத்தம் உப்புக் கரித்தது. தோளில் தொங்கிய இரண்டாவது கேமராவை வாரோடு கழற்றி, சுழற்றி, செனனின் காதோடு சேர்த்து ஓர் அடி கொடுத்தாள். லென்ஸ் உடைந்தது. செனன் முட்டி போட்டான்.

"அவனை விடுங்கடா!"

குரல் சமையலறைக் கதவிலிருந்து வந்தது. ஃபின்டன் திரும்பி வந்திருந்தான். தொப்பி கையில் இருந்தது. ஓடிப் போயிருந்தால் இந்நேரம் பாலம் தாண்டியிருப்பான்.

"வாத்தியார் என்னடா பண்ணாரு? நான்தான் அடிச்சேன். என்கிட்ட வாங்க."

வந்தார்கள். ஃபின்டன் முதல் இரண்டு பேரைச் சாய்த்தான். மூன்றாமவன் அவனுடைய பார்க்காத பக்கமாக வந்தான். அந்தப் பக்கம் வருகிற எதையும் ஃபின்டனால் தடுக்க முடியாது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அதைத் தெரிந்தே அடித்தார்கள். அவன் விழுந்தபிறகும் அடித்தார்கள். கீலின் அத்தனை துணியையும் வாரிக்கொண்டு அண்ணன் மேல் விழுந்து மூடிக்கொண்டபோதுதான் உதைகள் நின்றன.

அந்த நேரத்தில் போலீஸ் வந்தது. ஹோட்டல்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். முன்னால் வந்த சார்ஜென்ட் அம்மாள், ஐம்பது வயது, சுற்றிலும் பார்த்தாள். கேக், ரத்தம், வைக்கோல்.

"யார் யாரை அடிச்சது?"

கோனலை நாற்காலியில் தூக்கி உட்கார வைத்திருந்தார்கள். தாடை வீங்கிப் பேச்சு குழறியது. ஆனால் கண் தெளிவாக இருந்தது. தரையில் கிடந்த ஃபின்டனையும் அவன் மேல் கவிழ்ந்திருந்த கீலினையும் மாறி மாறிப் பார்த்தான். என்னவோ கணக்குப் போட்டான்.

"யாரும் அடிக்கலை, சார்ஜென்ட். ஆடும்போது வழுக்கி விழுந்துட்டேன்."

"கையும் தாடையும் ஒண்ணா வழுக்கிச்சோ?"

"கேக் மேல விழுந்தேன்."

சார்ஜென்ட் செனனிடம் திரும்பினாள். காதைப் பொத்திக்கொண்டு செனன் சொன்னான்: "ஆமா, விழுந்தான். நானும் விழுந்தேன்." மேஜைக்கு மேஜை தலைகள் ஆடின. ஆமாம், விழுந்தார்கள். தரை ஈரம். கோல்மன் வாத்தியார்கூட வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டு, "நானும்தாம்மா" என்றார். இருநூறு பேர் இருந்த கூடத்தில் அடி வாங்கியவன் உண்டு, அடித்தவன் ஒருவன்கூட இல்லை.

கோனல் உடையாத கையை நீட்டிக் கீலினின் மணிக்கட்டைப் பிடித்தான். பக்கத்தில் நின்ற நூலாவுக்கு அவன் சொன்னது கேட்டது.

"உன் அண்ணனை ஜெயிலுக்குப் போகாம காப்பாத்திட்டேன் பாத்தியா? இனிமே நீ வாயே திறக்கக்கூடாது. நான் உயிரோட இருக்கிற வரைக்கும். எழுந்திரு, போகலாம்."

"நீங்க பாத்தீங்களாம்மா?" என்று சார்ஜென்ட் கீலினைக் கேட்டாள்.

கீலின் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து நின்றாள்.

"விழுந்தார்" என்றாள்.

 சமையலறை வழியாகத் தப்பிக்க வேண்டிய பெண், இருநூறு சாட்சிகளுக்கு முன்னால் தன்னை எழுதிக் கொடுத்துவிட்டாள். இந்த நிமிஷம் அவள் அந்தக் கையோடு போய்விட்டால், பிறகு எந்த அக்காவாலும் மீட்க முடியாது. தடுக்கிற ஒன்றே ஒன்று, உடையாத கேமரா, நூலாவின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் எல்லாம் இருக்கிறது. ஆற்றங்கரையில் கழுத்தைப் பிடித்த கை இருக்கிறது. மட்டையை ஓங்கிய தம்பியும் இருக்கிறான். ஒன்றை விட்டு ஒன்றைக் கொடுக்க வழியில்லை, ஒரே கார்டில் படங்கள் வரிசையாக இருக்கின்றன.

கேமராவின் சின்னக் கதவைத் திறந்தாள்.  தரையில் உட்கார்ந்திருந்த ஃபின்டன் கழுத்தையும் தோளையும் திருப்பி அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"குடுக்கா" என்றான். "நான் ஒருதடவை சொல்லாம விட்டதுதான் இவ்வளவு தூரம் வந்துச்சு."

"நூலா, வேண்டாம்" என்றான் கோனல். அன்றைக்கு முதல்முறையாக அவன் குரலில் கிண்டல் இல்லை.

நூலா மெமரி கார்டை எடுத்துச் சார்ஜென்ட்டின் உள்ளங்கையில் வைத்தாள். "யாரும் விழலைம்மா. காலையிலேர்ந்து எடுத்தது எல்லாம் இதுல இருக்கு. மட்டையை எடுத்தது என் தம்பி. இவன் என் தங்கச்சியைக் கழுத்தை நெரிச்சது மத்தியானம் மூணரை மணிப் படத்துல இருக்கு. ரெண்டையும் பாருங்க."

ஊரே அவளை வெறித்தது. செனன் காறித் துப்பினான். போலீஸைக் கூட்டத்துக்குள் இழுத்தவள் என்று இனி இந்தப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கும் அவளைக் கூப்பிடமாட்டார்கள். அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

வாசலில் இரண்டு வண்டிகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன. ஆம்புலன்ஸில் கோனலை ஏற்றியிருந்தார்கள். போலீஸ் காரின் பின்சீட்டில் விலங்கோடு ஃபின்டன். ஹார்டிகன் வீட்டு ஆட்கள் தங்கள் கார்களுக்கு ஓடினார்கள். எங்கே போவதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை.

"மனைவி யாரு? கூட வரணும்" என்றான் ஆம்புலன்ஸ்காரன்.

கீலின் படியில் நின்றாள். உடுப்பு முழுக்க ரத்தம். புருஷனுடையது எது, அண்ணனுடையது எது என்று சொல்ல முடியாது.

"அக்கா, அண்ணனுக்கு எத்தனை வருஷம் போடுவாங்க?"

"தெரியலைடி."

"காலையில என்கிட்டதானே கேட்டே. நான் வேண்டாம்னுதானே சொன்னேன். அப்புறம் ஏன்க்கா அவனுக்குப் போன் பண்ணினே?"

நூலா அவள் கையைப் பிடிக்கப் போனாள். 

கீலின் படியிறங்கினாள். ஆம்புலன்ஸைத் தாண்டி நடந்தாள். போலீஸ் காரின் முன்கதவைத் தானே திறந்து, நனைந்த உடுப்பை உள்ளே அள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கு" என்று சார்ஜென்ட்டிடம் சொன்னது திறந்திருந்த கண்ணாடி வழியாகக் கேட்டது. பின்சீட்டிலிருந்த ஃபின்டன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

நூலா காரை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். கீலின் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

கார் கிளம்பியது. செனனின் வண்டியும் அதன் பின்னால் இன்னும் மூன்றும் கிளம்பின. நீயும் வருகிறாயா என்று நூலாவை யாரும் கேட்கவில்லை.